லாபிஸில் ஒரு சனிக்கிழமை



2014 தொடங்கி ஜொகூரில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறையாக இருந்தது. 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து மறுபடி சனி, ஞாயிறு ஆகிவிட்டது. சிலாங்கூரிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் அப்பாவும் இங்கே பள்ளிக்குப் போகும் பிள்ளையும் இப்போது இரண்டு நாளும் சேர்ந்தே ஓய்வாக இருக்கலாம். அதில் சனிக்கிழமையைப் பிள்ளைக்கே கொடுத்துவிடலாமே என்றுதான் இன்று பேச வந்தேன்.

ஜொகூரின் லாபிஸ்காரர்களுக்குப் பக்கத்திலேயே பெக்கோக், அங்கே சுங்கை பந்தாங் அருவி. காலையில் பசியாறிவிட்டுக் கிளம்பினால் வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம். நாலைந்து வயதுப் பிள்ளைக்கு அருவியின் உச்சி வேண்டாம். முழங்கால் ஆழத் தண்ணீரும் கூழாங்கல்லும் போதும். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: தண்ணீர் திடீரெனக் கலங்கி, சருகும் குச்சியும் அடித்துக்கொண்டு வந்தால், மலைமேல் மழை பிடித்துவிட்டது என்று அர்த்தம். இங்கே வானம் தெளிவாக இருந்தாலும் அந்த நிமிடமே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரையேறுங்கள்.

வரும் வழியில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், கண்ணில் பட்டால் வண்டியை ஓரங்கட்டுங்கள். ஒரு காம்பில் மூன்று இலை. கீழே பழுப்புப் புள்ளிபோட்ட வழவழப்பான கொட்டை. அதைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து அடுத்தவர் கையில் சூடு வைத்து விளையாடியவர்கள் இன்று தாத்தா பாட்டிகள். 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளில் ஒன்பது கோலகங்சாருக்குப் போயின. மலாயாவின் ரப்பர் கதைக்கு அதுதான் தொடக்கம். நம் குடும்பங்களில் பலவற்றின் கதையும் அதோடு பின்னியதுதான். பிள்ளை ஒரு கொட்டையைப் பையில் போட்டுக்கொள்ளட்டும். வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது நஞ்சு.

வீட்டுக்கு வந்ததும் வெண்டை விதை போடுங்கள். அன்று ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளின் பின்னால் முருங்கையும் கறிவேப்பிலையும் வெண்டையும் இல்லாத இடம் அபூர்வம். தோட்டத்தை விட்டுத் தாமான் எனும் குடியிருப்பு வீடுகளுக்கு வந்தபோது, சிமெண்டு போட்ட முற்றம்தான் கிடைத்தது. ஆனால் அந்தக் கைப்பழக்கம் பாட்டியிடம் இன்னும் இருக்கிறது. அவரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். சொல்லிக்கொடுப்பவர் அவராகவே இருக்கட்டும்.

விதையை முதல்நாள் இரவே தண்ணீரில் ஊறப்போடுங்கள். பூந்தொட்டியோ பாலித்தீன் பையோ போதும், அடியில் ஓட்டை இருக்க வேண்டும். பிள்ளையின் விரலில் ஒரு கணு ஆழம் குழி, அதில் இரண்டு விதை. ஒரு வாரத்துக்குள் முளை, விதைத்தோலைத் தொப்பிபோல் தலையில் வைத்துக்கொண்டு எழும்பும். அதைப் பிய்க்கப் பிள்ளையின் கை பரபரக்கும். தானே கழன்று விழும் என்று சொல்லுங்கள். ஒன்றரை, இரண்டு மாதத்தில் நடுவில் கருஞ்சிவப்போடு மஞ்சள் பூ பூக்கும். பூ உதிர்ந்த ஒரு வாரத்தில் காயைப் பறித்துவிட வேண்டும், விட்டால் முற்றி நாராகிவிடும்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால், தேங்கிய தண்ணீரில் டெங்கிக் கொசு முட்டையிட்டு ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். ஆகவே சனிக்கிழமைதோறும் தட்டைக் கவிழ்த்து நன்றாகத் தேய்த்துக் கழுவுவது பிள்ளையின் வேலை. அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் நின்றால் போதும்.