“இம்பீரியம்” என்றால் என்ன?

(தா.பழூர்க் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



இன்று ஒரு லத்தீன் வார்த்தையைப் பற்றிப் பேசப் போகிறேன். நான் லத்தீன் படித்த பண்டிதனல்ல. அகராதியைப் புரட்டித் தெரிந்து கொண்டதைத்தான் சொல்கிறேன். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

“இம்பெராரே” என்றால் கட்டளையிடுதல். அதிலிருந்து வந்தது “இம்பீரியம்”. அதாவது, படை நடத்தவும் உயிரை வாங்கவும் உள்ள மேலான அதிகாரம். ரோமாபுரியார் அரசர்களை விரட்டிவிட்டுக் குடியரசு நடத்திய காலத்தில் இதை இரண்டு கான்சல்களிடம் ஒரே ஒரு வருஷத்துக்குக் கொடுத்தார்கள். பட்சி சகுனம் பார்க்கிற மூடத்தனம் அங்கேயும் இருந்தது. ஆனாலும் ஓட்டுப் போட்டது மனிதன்தான். கான்சலுக்கு முன்னால் 12 சேவகர்கள் பிரம்புக் கட்டில் கோடாலியைச் செருகித் தூக்கிப் போவார்கள். நகர எல்லைக்குள் வந்தால் மட்டும் கோடாலியைக் கழற்றிவிட வேண்டும். ஏனெனில், ஊருக்குள் குடிமகன் தலையை எடுப்பதென்றால் அவன் ஜனங்களிடம் முறையிட உரிமை உண்டு.

பிறகு வந்தது கேடு. ஜெயித்த தளபதியைச் சிப்பாய்கள் “இம்பெராட்டர்” என்று கூவுவது வழக்கம். அகஸ்டஸ் அதையே தன் பெயராக்கிக் கொண்டார். கி.பி. 14-இல் அவர் செத்ததும் செனட் சபை அவரைக் கடவுளாக்கிற்று. “எம்பரர்” என்பது அந்த வழியில் வந்ததுதான். 1877 ஜனவரி 1-இல் டில்லியில் விக்டோரியாவுக்கு அதே பட்டத்தைச் சூட்டி விருந்து நடத்தினார்கள். அப்போது நம் சென்னை மாகாணம் பஞ்சத்தில் செத்துக் கொண்டிருந்தது.

ரோமாபுரியானைப் பார்த்து நாம் சிரிக்க முடியுமா? தமிழில் “இறை” என்றால் அரசன். “இறை” என்றால் கடவுள். “இறை” என்றால் அவன் வாங்கும் வரியும்கூட! கோவின் இல்லம் கோயில். கடவுள் இருக்குமிடமும் கோயில். பக்கத்தில்தானே இருக்கிறது கங்கைகொண்ட சோழபுரம், போய்ப் பாருங்கள். ராஜேந்திர சோழன் குடியிருந்த கோயில் மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளமாகக் கிடக்கிறது. கடவுளுக்குக் கட்டிய கோயில் கல்லாய் நிற்கிறது. அந்தக் கடவுளுக்கும் பெயர் என்ன? கங்கைகொண்ட சோழீசுவரர்! அரசன் தன் பட்டத்தையே கடவுளுக்கு வைத்துவிட்டால், வரி கொடுக்க மறுப்பவன் ராஜத் துரோகி மட்டுமா, பாவியும் ஆகிவிடுகிறான். இதைவிடச் சுலபமான வசூல் உண்டா?

1950 முதல் மேலான அதிகாரம் ஜனங்களுடையது என்று சட்டம் சொல்லுகிறது. அதற்கும் தமிழில் “இறையாண்மை” என்றே பெயர். பழைய வாடை விடவில்லை.

சமீபத்தில் ஒரு ஆபீசுக்குப் போயிருந்தேன். என்னைவிட வயதில் மூத்த ஒரு குடியானவர், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மேஜைக்கு முன்னால் நின்று, “சாமி, நீங்கதான் எனக்குத் தெய்வம்” என்றார். கேட்டதெல்லாம் தன் நிலத்துப் பத்திரத்துக்கு ஒரு கையெழுத்து. வெளியே வந்ததும், “ஏன் பெரியவரே, அவருக்குச் சம்பளம் யார் கொடுக்கிறது?” என்று கேட்டேன். “அது தெரியாமலா தம்பி? அப்படிச் சொன்னால்தான் கையெழுத்து விழுகிறது” என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை.