நோயாளியின் கேள்விக்கும் இடமுண்டு
(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



புற்றுநோய் ஆராய்ச்சிக்கென்று உங்களில் பலர் மனமுவந்து கொடுக்கிறீர்கள். அந்தப் பணம் எந்தக் கேள்விக்கு விடை தேடச் செலவாகிறது? அந்தக் கேள்வியைத் தெரிந்தெடுப்பவர் யார்? இதைக் குறித்தே இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

நெடுங்காலமாக இதை ஆராய்ச்சியாளர்களும் மருந்து நிறுவனங்களுமே பெரும்பாலும் தீர்மானித்து வந்தார்கள். கட்டி எவ்வளவு சுருங்கிற்று, ஆயுள் எத்தனை மாதம் கூடிற்று என்று அளந்தார்கள். அது அவசியமே. ஆனால் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர் நாலு படி ஏறுமுன் சோர்ந்து உட்கார்ந்துவிடுகிறாரே, அந்தச் சோர்வு அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை.

பிரிட்டனில் 2004-ஆம் ஆண்டு ஜேம்ஸ் லிண்ட் அலையன்ஸ் என்னும் அமைப்பு தொடங்கப்பட்டது. 1747-இல் கப்பலில் 12 மாலுமிகளுக்கு வெவ்வேறு சிகிச்சை கொடுத்து, ஸ்கர்வி நோய்க்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் ஏற்றவை என்று கண்ட மருத்துவரின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. அவர்களுடைய முறை எளியது. நோயாளிகள், அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தார், மருத்துவ ஊழியர் ஆகிய மூன்று திறத்தாரிடமும், இன்னும் விடை கிடைக்காத கேள்விகள் எவை என்று கேட்கிறார்கள். முன்னமே விடை காணப்பட்டவற்றை நீக்குகிறார்கள். பின்பு மூன்று திறத்தாரும் சமமாய் உட்கார்ந்து பேசி, மிக முக்கியமான 10 கேள்விகளை வரிசைப்படுத்துகிறார்கள்.

புற்றுநோய்க்குப் பின்னான வாழ்வைக் குறித்து இம்முறையில் தயாரான பட்டியலை, பிரிட்டனின் தேசிய புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2018-இல் வெளியிட்டது. 3,000-க்கும் மேற்பட்ட கேள்விகள் வந்து சேர்ந்திருந்தன. தெரிந்தெடுக்கப்பட்ட பத்தில் எவை இருந்தன தெரியுமா? நீண்டகாலப் பராமரிப்பை எப்படி அளிப்பது? சோர்வு எதனால் வருகிறது, எப்படித் தணிப்பது? தீராத வலிக்கு என்ன செய்வது? மனதில் உண்டாகும் பாதிப்புகள் என்ன? அந்த நிறுவனம் 2023-இல் மூடப்பட்டது. ஆனாலும் அந்தக் கேள்விகள் நிற்கின்றன.

நோயாளிகள் விஞ்ஞானத்தைத் தள்ளிவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். பக்கவிளைவுகளுக்கு உடலில் என்ன காரணம் என்பதும் அந்தப் பத்தில் ஒன்றே.

இதில் ஓர் எச்சரிப்பும் உண்டு. படிவம் நிரப்பவும் கூட்டத்துக்கு வரவும் கூடியவர்களின் குரலே எளிதில் கேட்கப்படும். எழுதப் படிக்கத் தெரியாதவர், படுக்கையிலிருப்பவர், நாள் கூலியை விட்டு வர முடியாதவர் ஆகியோரை நாம் தேடிப் போய்க் கேட்க வேண்டும்.

பிரியமானவர்களே, இனி ஆராய்ச்சிக்கென்று யாராவது உங்களிடம் உதவி கேட்கும்போது, தாராளமாய்க் கொடுங்கள், கூடவே ஒரு கேள்வியும் கேளுங்கள்: "நோயாளிகளிடம் விசாரித்தீர்களா?" கொடுக்கிறவர்கள் கேட்டால், பெறுகிறவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும்.