மடிக்கணினியும் மேசைக்கணினியும்

(மன்றத்தின் ஆண்டு விழாவிலே பேராதனைப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நிகழ்த்திய உரை)



இளைஞர் மன்றத்து மேடையிலே கணினியைப் பற்றிப் பேசுவானேன் என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. பல்கலைக்கழக அனுமதி கிடைத்ததும் நம் வீடுகளில் எழும் முதற் கேள்வி, "பிள்ளைக்கு எந்தக் கொம்பியூட்டர் வாங்குவது?" என்பதுதான். கலகாவிலும் தெல்தோட்டையிலும் புசல்லாவையிலும் இருந்து வரும் பிள்ளைகள் பலருக்கு அந்தப் பணம் கொழுந்து பறித்த கையின் சேமிப்பு. சில வீடுகளிலே அடகு வைத்த நகையின் விலை. 2022 ஆம் ஆண்டிலே டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியபோது அச்சேமிப்பின் பெறுமதியும் சுருங்கிற்று. ஒருமுறை தவறாக வாங்கினால் மறுமுறை வாங்க வழியில்லை. ஆகவே இதனை ஆராய்வது வீண் பேச்சாகாது.

கணினியிலே கணக்கிடும் வேலையைச் செய்வது புரொசெசர் எனப்படும் செயலி. மடிக்கணினியிலும் அது உண்டு, மேசைக்கணினியிலும் உண்டு. கடைக்குப் போனால், "இதுவும் ஐ5, அதுவும் ஐ5, இரண்டும் ஒன்றுதான்" என்பார்கள். அச்சொல் எவ்வளவு உண்மை என்று பார்ப்போம்.

இன்ரெல் நிறுவனம் 2023 ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே வெளியிட்ட இரு செயலிகளை எடுத்துக்கொள்வோம். ஐ5-13400 மேசைக்கணினிக்கு உரியது. ஐ5-1335யூ மடிக்கணினிக்கு உரியது. இரண்டும் 13 ஆம் தலைமுறை. கோர் எனப்படும் கணக்கிடும் பகுதிகள் இரண்டிலும் 10. உச்ச வேகமும் இரண்டிற்கும் 4.6 கிகாஹேர்ட்ஸ். பெட்டியின்மேல் அச்சிட்டதை மட்டும் வாசிப்பவர் இவற்றை இரட்டைப் பிள்ளைகள் என்றே கொள்வார்.

உள்ளே பார்த்தால் கதை வேறு. முன்னையதில் பெரிய கோர்கள் 6, சிறியன 4. பின்னையதில் பெரியன 2, சிறியன 8. ஆறு எருதும் நான்கு கன்றும் பத்து. இரண்டு எருதும் எட்டுக் கன்றும் பத்து. ஏரிற் பூட்டும்போதன்றோ வேறுபாடு தெரியும்! மேலும், முன்னையதற்கு வகுத்த அடிப்படை மின்வலு 65 வாற்று. தேவைப்பட்டால் 148 வரை ஏறலாம். பின்னையதற்கோ அடிப்படை 15 வாற்று, உச்சம் 55. பெயர் ஒன்றாயினும் உண்ணும் உணவு ஒன்றன்று.

மடிக்கணினிக்கு ஏன் இந்தப் பத்தியம்? செயலி உண்ணும் மின்சாரம் முழுவதும் ஈற்றிலே வெப்பமாகிறது. மேசைக்கணினியின் பெட்டியிலே பெரிய உலோகத் தகடுகளுக்கும் விசிறிக்கும் இடம் உண்டு. இரண்டு விரற்கடை தடிப்பும் இல்லாத மடிக்கணினியில் அவ்வெப்பம் எங்கே போகும்? எனவே அதன் செயலி சிறிது நேரம் முழு வேகத்தில் ஓடிவிட்டு, சூடு ஏறியதும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. விரலுக்குத் தக்க வீக்கம் என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

இதனால் ஓர் உண்மை புலனாகிறது. கட்டுரை தட்டச்சுச் செய்வது, பக்கம் ஒன்றைத் திறப்பது, கணக்குத் தாளைக் கூட்டுவது ஆகியன கண நேர வேலைகள். சூடு ஏறுமுன் அவை முடிந்துவிடும். அவற்றிலே மடிக்கணினி மேசைக்கணினிக்குப் பெரிதும் பின்னிடாது. நீண்ட நேர வேலையிலேதான் வேறுபாடு வெளிப்படும். ஒரு மணி நேர ஒளிப்படத்தைத் தொகுப்பதும், பொறியியற் பீடத்தார் பாலமொன்றின் மாதிரியைக் கணித்துப் பார்ப்பதும் அத்தகையன. கண்டி நகருக்குள் முச்சக்கர வண்டி லொறியை முந்திவிடும்; ஆனால் பாரம் ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவை மலையேற வேண்டுமானால் லொறியே வேண்டும்.

இனி, சிக்கனத்தைப் பார்ப்போம். செயலியின் வேகத்தைக் கூட்ட அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருக்கிறது. மின்செலவு வேகத்தோடு ஒரு மடங்காகவும் அழுத்தத்தோடு இருமடிப் பெருக்கமாகவும் ஏறும். வேகத்தையும் அழுத்தத்தையும் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், 0.8 ஐ மும்முறை பெருக்க 0.512; அதாவது செலவு ஏறத்தாழப் பாதியாகிறது. ஐந்தில் ஒரு பங்கு வேகத்தை விட்டுக்கொடுத்துப் பாதி மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் இவ்வித்தையே மடிக்கணினிச் செயலியின் உயிர்நாடி.

வேகமே பெரிதென்று ஓடியவர்கள் முட்டிக்கொண்ட வரலாறும் உண்டு. இன்ரெல்லின் பென்ரியம் 4 மேசைக்கணினிச் செயலி 2004 ஆம் ஆண்டிலே 3.8 கிகாஹேர்ட்ஸை எட்டியபோது அதற்கு வகுத்த வெப்ப அளவு 115 வாற்று. 4 கிகாஹேர்ட்ஸ் என்று அறிவித்திருந்ததை அந்நிறுவனம் அவ்வாண்டே கைவிட்டது. அதற்கு முன்பே, 2003 இல், இஸ்ரேலில் உள்ள அதன் பொறியியலாளர் மடிக்கணினிக்கென்று அமைத்த பென்ரியம் எம் செயலி 1.6 கிகாஹேர்ட்ஸில், 24.5 வாற்றில், அமைதியாக வேலை செய்துகொண்டிருந்தது. ஒவ்வொரு துடிப்பிலும் அது கூடுதலான வேலையை முடித்தது. 2006 ஆம் ஆண்டிலே மேசைக்கணினிக்கு வந்த கோர் 2 செயலிகள் அந்த வழியிலேயே பிறந்தன. மடியில் இருந்த பிள்ளையிடம் மேசையில் இருந்த பெரியவர் பாடம் கேட்டார் எனலாம்.

நிற்க, நம் ஊருக்கு வருவோம். கண்டிக்கு அண்மையில் மகாவலியை மறித்துக் கட்டி 1985 இல் திறந்த விக்ரோறியா நிலையத்தின் வலு 210 மெகாவாற்று. மின்சாரம் பிறக்கும் வாசலிலேயே நாம் வாழ்கிறோம். ஆயினும் 2022 மார்ச் 31 அன்று நாடு 13 மணி நேர மின்வெட்டைக் கண்டது. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபநிலையத்திலே ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுவதும் இருண்டது. அத்தகைய வேளையிலே மேசைக்கணினி அடுத்த கணமே அணைந்துவிடும். மடிக்கணினியின் மின்கலம் 50 வாற்று-மணி கொள்வதாயின், 10 வாற்றிலே வேலை செய்பவனுக்கு 5 மணி நேரம் கிடைக்கும். அதே மின்கலத்தை 50 வாற்று உண்ணும் விளையாட்டு மடிக்கணினியிலே பூட்டினால் ஒரு மணி நேரம்தான்.

மின்கட்டணத்தையும் எண்ணிப் பார்ப்போம். திரையோடு 100 வாற்று எடுக்கும் மேசைக்கணினியை நாளொன்றுக்கு 6 மணி நேரம் இயக்கினால் 30 நாளில் 18 அலகு. 20 வாற்று எடுக்கும் மடிக்கணினிக்கு 3.6 அலகு. மாத இறுதியிலே 60 அலகின் ஓரத்தில் நிற்கும் வீட்டாருக்கு இந்த வேறுபாட்டின் அருமை தெரியும்.

அப்படியானால் மேசைக்கணினி வேண்டாமா? அவ்வாறு கூறுவது நீதியன்று. ஒரே விலைக்குக் கூடுதலான வலு மேசைக்கணினியிலேதான் கிடைக்கும். ஓர் உறுப்புப் பழுதுபட்டால் அதனை மட்டும் மாற்றலாம், செயலியைக்கூட மாற்றலாம். இக்கால மடிக்கணினியிலே செயலி பலகையோடு பற்றவைக்கப்பட்டது. வாங்கிய நாளில் இருந்ததே கடைசி வரைக்கும்.

ஆகவே தோழர்களே, கடையிலே மூன்று கேள்விகள் கேட்போம். செயலியின் முழுப் பெயர் யாது, ஈற்றெழுத்து உட்பட? யூ என்றால் சிக்கனம். எச் அல்லது எச்எக்ஸ் என்றால் வலு கூடியது, மின்கலம் விரைவில் தீரும். அதற்கு வகுத்த வாற்று எவ்வளவு? நம் பிள்ளையின் வேலை கண நேர வேலையா, நெடுநேர வேலையா? கலை, வணிகம் பயில்வோருக்கும் விடுதியில் தங்குவோருக்கும் 15 வாற்று வகுப்பைச் சேர்ந்த மடிக்கணினியே போதும். அதற்கு மேற்பட்ட வலுவுக்காகக் கடன்பட வேண்டியதில்லை.

நெடுநேர வேலை உடையவர் என் செய்வது? இங்கேதான் மன்றத்தின் கடமை வருகிறது. ஒவ்வொரு வீடும் தனித்தனியே பெரிய பொறி வாங்குவதிலும், நம் வாசிகசாலையிலே நல்ல மேசைக்கணினி இரண்டை வைத்து, முறை வைத்துப் பயன்படுத்துவது சாலச் சிறந்தது. அவரவர் கைக்குச் சிறிய மடிக்கணினி. அனைவருக்கும் பொதுவாகப் பெரிய மேசைக்கணினி. இவ்வேண்டுகோளைச் செயற்குழு ஏற்று ஆவன செய்யுமாயின், நகை அடகு வைக்கும் தாய்மாரின் தொகை சிறிதேனும் குறையும்.