செய்கூலிக்கு மட்டுமே விலை

நகை என்றதும் நமக்குத் தராசு நினைவுக்கு வரும். எத்தனை சவரன், சேதாரம் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்போம். செம்புத் தகட்டில் எனாமல் ஏற்றி, வார்ப்புச் சட்டத்தில் பொருத்திச் செய்யும் கலைநகைக்கு இந்தக் கணக்கு உதவாது. செம்பும் கண்ணாடித் தூளும் தங்கத்தின் முன் கால்தூசு பெறாது. மிஞ்சுவது செய்கூலிதான். அதை எதை வைத்து மதிப்பிடுவது?

முதலில் நகையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். எனாமல் என்பது செம்பின் மேல் உருகிப் பிடித்த கண்ணாடி. தூளைத் தூவி, ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் உலையில் இரண்டு, மூன்று நிமிடம் வைக்கிறார்கள். தூள் இளகி, ஆரஞ்சுத் தோல்போல் மேடுபள்ளமாகி, பிறகு பளபளவென்று சமமாகிறது. வெளியே எடுத்ததும் சிவப்பு நிறம் கறுத்துக் கிடக்கும். ஆற ஆறத்தான் சிவக்கும். அப்போது கண்ணாடியைவிடச் செம்பு அதிகம் சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் பூசியிருந்தால் மெல்லிய தகடு வளைந்து கண்ணாடி தெறித்துவிடும். அதனால் கண்ணில் படாத பின்பக்கத்துக்கும் பூச்சு வேண்டும்.

அடுத்து, பொருத்து. சட்டத்தைச் சுவாமிமலைச் சிலைகளின் முறையிலேயே வார்க்கலாம்: மெழுகில் உரு, அதன்மேல் மண், மெழுகு உருகி வெளியேறிய இடத்தில் உலோகம். ஆனால் எனாமல் தகட்டை அதில் வைத்துப் பொடிவைத்து ஊதிப் பற்றவைக்க முடியாது. சூட்டில் கண்ணாடி விரிசல் விடும். விளிம்பை மடக்கிக் கவ்வ வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆணியால் இறுக்க வேண்டும். பிரான்சின் லிமோஜ் நகரக் கைவினைஞர்கள் 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் செய்த எனாமல் செம்புப் பேழைகள் பலவற்றில், உருவங்களின் தலைகளை மட்டும் புடைப்பாகத் தனியே செய்து பொருத்தியிருக்கிறார்கள். நல்ல கலைஞர் இந்தப் பொருத்தை ஒளிக்கமாட்டார், அதையே அழகாக்கிவிடுவார்.

குறையும் உண்டு. கீழே விழுந்தால் சில்லு பெயரும். பக்கத்துத் தெருப் பத்தரிடம் கொடுத்து ஒட்ட முடியாது. அடகுக்கடையிலும் செல்லாது. ஆகவே, அவசரத்துக்கு உதவும் என்று இதை வாங்காதீர்கள். பின்பக்கம் சுத்தமாக, பொருத்து ஆடாமல், நிறம் உங்கள் மனதுக்குப் பிடித்ததாக இருந்தால், கேட்ட செய்கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்கலாம்.