கப்பற் புகையும் பாண் விலையும்



துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டே படித்தவர்கள் நாம். எந்தக் கப்பல் வந்து நிற்கிறது என்று பார்ப்போம். அதன் புகைபோக்கியைக் கவனித்ததில்லை.

பெரிய கப்பல்கள் பெரும்பாலும் எரிப்பது, மசகு எண்ணெயைச் சுத்திகரித்தபின் எஞ்சும் கனத்த எண்ணெயை. அதிலுள்ள கந்தகம் எரிந்தால் வரும் வாயு சுவாசக் குழாய்களைச் சுருக்கும். முட்டு வருத்தமுள்ள பிள்ளைக்கு அது ஆகாது. ஆகவே சர்வதேச கடல்சார் அமைப்பு, 2020 ஜனவரி 1 முதல் எண்ணெயிலுள்ள கந்தகத்தின் உச்ச அளவை 3.5 வீதத்திலிருந்து 0.5 வீதமாகக் குறைத்தது.

சுத்தமான எண்ணெய்க்கு விலை கூட. அது கப்பற் கூலியில் ஏறும். சீனக்குடா மாவாலைக்கு வரும் கோதுமையில் ஏறும். கடைசியில் பாணில் ஏறும். நாட்கூலி வீட்டில்தான் அது முதலில் தெரியும்.

இனிக் காபனீரொட்சைட்டின் முறை. கப்பல்கள் விடும் அந்த வாயுவுக்கு விலை வைக்கும் திட்டத்துக்கு 2025 ஏப்ரலில் லண்டனில் இணக்கம் கிடைத்தது. ஒக்ரோபரில் இறுதி முடிவை ஓராண்டு தள்ளிப்போட்டார்கள். காரணங்களில் ஒன்று, செலவு.

செலவு உண்மைதான். ஆனால் புகையின் செலவையும் யாரோ கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்: மருந்துச் சிட்டையில், இரவு முழுதும் பிள்ளையை நிமிர்த்திப் பிடித்திருக்கும் தாயின் தூக்கத்தில். மருத்துவர்களாகிய நாங்கள் காணும் அந்தக் கணக்கு எந்தக் கப்பற் கம்பனியின் ஏட்டிலும் இல்லை.

அறவிடும் பணத்தில் ஒரு பங்கு, பாண் விலை ஏறும் சிறிய நாடுகளுக்குத் திரும்ப வேண்டும். நம்மில் கணக்காளர் உண்டு, சட்டத்தரணி உண்டு, லண்டனிலேயே வாழ்பவர்களும் உண்டு. கேட்போம்.