தமிழில் மருத்துவம் கற்பித்த டாக்டர் கிறீன்



சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படித்த ஒரு சிறுவன், சிவந்து வீங்கிய கண்ணோடு வகுப்புக்கு வந்தான். விசாரித்தபோது செய்தி தெரிந்தது. வீட்டில் ஒரே அளவில் இரண்டு சிறு மருந்துக் குப்பிகள் இருந்திருக்கின்றன. ஒன்று கண்ணுக்கு, மற்றது காதுக்கு. விடியற்காலையில் பால் வெட்டுக்குப் புறப்படும் அவசரத்தில், காதில் விட வேண்டிய மருந்தைத் தாய் மகனின் கண்ணில் விட்டுவிட்டார். குப்பியின் மேல் எல்லாம் எழுதித்தான் இருந்தது. ஆனால் அந்தத் தாய் படிக்கக்கூடிய எழுத்தில் இல்லை. நல்லவேளையாகச் சிறுவனின் கண்ணுக்கு ஆபத்து ஏதும் நேரவில்லை. "எனக்குத் தமிழ் மட்டுந்தானே சார் படிக்கத் தெரியும்" என்று அந்தத் தாய் தலைகுனிந்து சொன்னதை நம்மால் மறக்க முடியவில்லை.

அவர் தலைகுனிய வேண்டியதில்லை. தமிழ் மட்டுமே தெரிந்தவர்களுக்கும் மருத்துவ அறிவு சேர வேண்டும் என்று, தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒரு மருத்துவர் இருந்தார். அவர் தமிழர் அல்லர், அமெரிக்கர். டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பது அவர் பெயர். இன்று அவருடைய வாழ்க்கையைச் சற்று நினைத்துப் பார்ப்போம்.

கிறீன் 1822ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டர் என்ற ஊரில் பிறந்தார். நியூயார்க்கில் மருத்துவம் கற்றுத் தேறினார். 1847ஆம் ஆண்டு கிறிஸ்தவ மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு ஏறத்தாழ 25 வயது. சமயப் பணிக்காகவே அவர் அனுப்பப்பட்டார்; அதை அவர் மறைத்ததும் இல்லை. ஆனால் அவருடைய மருத்துவமனை எல்லாச் சமயத்தாருக்கும் திறந்திருந்தது.

முதலில் வட்டுக்கோட்டையிலும் பின்னர் மானிப்பாயிலும் அவர் பணி நடந்தது. அந்நாளில் வாந்திபேதியும் அம்மையும் ஊர்களை அடிக்கடி வாட்டின. ஓர் ஆள் எத்தனை வீட்டுக்குப் போக முடியும்? ஆகவே 1848ஆம் ஆண்டிலேயே உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். கொழும்பில் அரசாங்க மருத்துவப் பள்ளி தொடங்கியது 1870ஆம் ஆண்டில்தான். அதற்கு 20 ஆண்டுகளுக்கு மேல் முன்னதாகவே மானிப்பாய் மருத்துவர்களை உருவாக்கி வந்தது.

தொடக்கத்தில் பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. ஆனால் கிறீன் ஓர் உண்மையைக் கண்டார். ஆங்கிலத்தில் படித்துத் தேறியவர்கள் பட்டணங்களில் அரசாங்க உத்தியோகம் தேடிப் போய்விடுகிறார்கள். கிராமத்துக்கு வைத்தியர் கிடைப்பதில்லை. கிராமத்தில் தங்கி, அங்குள்ளவர்களோடு அவர்கள் மொழியில் பேசும் மருத்துவர்களே வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். 1864ஆம் ஆண்டில் தமிழிலேயே மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். மாணவர்கள் மேல்நாட்டு உடைக்கு மாறுவதையும் அவர் விரும்பவில்லை. தம் மக்களைப் போலவே உடுத்தி, தம் மக்களிடையே வாழட்டும் என்பது அவர் எண்ணம்.

தமிழில் கற்பிக்க நூல் வேண்டுமே? அந்த வேலையை அவர் முன்பே தொடங்கியிருந்தார். பிள்ளைப்பேறு பற்றிய 'பிரசவ வைத்தியம்' 1857ஆம் ஆண்டில் வெளிவந்தது. அறுவை மருத்துவம் பற்றிய 'இரண வைத்தியம்', உடற்கூறு பற்றிய 'மனுஷ அங்காதிபாதம்', இரசாயனம் பற்றிய 'கெமிஸ்தம்' எனப் பல நூல்கள் தொடர்ந்தன. அவருடைய மாணவர்களும் மொழிபெயர்த்தார்கள். அவர் வரி வரியாகத் திருத்தினார். இப்படி உருவானவை நாலாயிரம் பக்கங்களுக்கும் மேல்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். எலும்புக்கும் நரம்புக்கும் மருந்துக்கும் உரிய ஆயிரக்கணக்கான சொற்களுக்கு எங்கே போனார்? அதற்கு அவர் ஒரு முறை வகுத்தார். முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடு. அது கிடைக்காவிட்டால் வடமொழியில் பார். அங்கும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு ஏற்ப எழுது. 'கெமிஸ்தம்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். இன்று நாம் அதை வேதியியல் என்கிறோம். சொற்கள் மாறினாலும், அவர் போட்ட பாதை மறைந்துவிடவில்லை.

அவரிடம் பயின்று தேறிய மருத்துவர்கள் 60 பேருக்கும் அதிகம். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் தமிழிலேயே மருத்துவம் கற்றவர்கள். 1873ஆம் ஆண்டில் உடல்நலம் குன்றித் தாயகம் திரும்பினார். அங்கிருந்தபடியும் தமிழ் நூல் பணியை அவர் விடவில்லை. 1884ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் நாள், தாம் பிறந்த ஊரிலேயே காலமானார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று பொருள்படும் வாசகம் தம் கல்லறையில் இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அவ்வாறே பொறிக்கப்பட்டது. மானிப்பாயில் அவர் பெயர் தாங்கிய மருத்துவமனை இன்றும் இருக்கிறது.

அவருக்குப் பின் தமிழ்வழி மருத்துவ வகுப்பு நீடித்து வளரவில்லை. அது வருத்தத்துக்குரியதுதான். ஆனால் 'தமிழில் முடியாது' என்று சொல்வோருக்கு, முடிந்தது என்று காட்ட அந்த நூல்களே சாட்சி.

பெற்றோர்களே, நம் பிள்ளைகள் மலாயும் ஆங்கிலமும் நன்றாகக் கற்க வேண்டும். அவை இல்லாமல் இந்நாட்டில் மேற்படிப்பும் இல்லை, உத்தியோகமும் இல்லை. நாம் அதற்கு மாறாகப் பேசவில்லை. ஆனால் கற்றதை வீட்டுக்குள் கொண்டுவந்து தாய்க்கும் பாட்டிக்கும் விளங்கச் சொல்லத் தமிழ் வேண்டும். தண்ணீரை ஏன் கொதிக்க வைக்கிறோம், கொசுவை ஏன் ஒழிக்கிறோம், இனிப்பு நீர் உள்ளவர் காலில் புண் வராமல் ஏன் காக்க வேண்டும் என்பதை எந்த மொழியில் சொன்னால் மனத்தில் பதியுமோ, அந்த மொழியில் சொல்ல வேண்டும்.

கண் சிவந்து வந்த அந்தச் சிறுவனின் வகுப்பில் மறுநாளே ஒரு வேலை கொடுத்தோம். வீட்டிலுள்ள மருந்துக் குப்பிகளின் பெயரையும் உபயோகத்தையும் எழுதிக் கொண்டு வரச் சொன்னோம். நாம் படித்து விளக்க, பிள்ளைகள் சிறு காகிதத் துண்டுகளில் தமிழில் எழுதினார்கள்: 'காதுக்கு', 'கண்ணுக்கு', 'மேலே பூச மட்டும்', 'சாப்பிட்ட பிறகு'. அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பசை தடவி ஒட்டினார்கள்.

நேயர்களே, இன்று மாலை உங்கள் வீட்டிலும் அதைச் செய்யுங்கள். சந்தேகம் இருந்தால் கிளினிக்கில் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிள்ளையைக் கொண்டு தமிழில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். டாக்டர் கிறீன் நாலாயிரம் பக்கம் எழுதினார். நாம் நாலு சொல்லாவது எழுதுவோம்.