இயற்கை உணவும் நம் கடமையும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நஞ்சில்லா உணவு வேண்டும் என்ற பேச்சு இன்று வன்னியிலும் ஓங்கி ஒலிக்கின்றது. அதனை விளைவிப்போருக்கு மட்டுமன்றி, வாங்குவோருக்கும் ஒரு கடமை உண்டு என்று சொல்லவே உங்கள் முன் நிற்கின்றோம்.

அண்மையில் யாமும் நண்பர் இருவரும் கிளிநொச்சியில் இயற்கை உணவுக் கடையொன்றுக்குச் சென்றோம். குரக்கன் மா, ஒடியல் மா, மொட்டைக்கறுப்பன் அரிசி முதலியன அழகிய பொதிகளில் அடுக்கப்பட்டிருந்தன. "இவ்வரிசி எந்த வயலில் விளைந்தது, ஐயா?" என வினவினோம். "அது தெரியாது தம்பிமார், பொதியாய்த்தான் வருகுது" என்றார் கடைக்காரர். ஆயினும் கேட்ட விலையைக் கொடுத்தோம்.

பின்பு சந்தைக்குச் சென்றோம். ஆச்சி ஒருவர், தம் வீட்டுக் கோடியில் மாட்டெருவிட்டு வளர்த்த கத்தரிக்காயை விற்றுக்கொண்டிருந்தார். "ஒண்டு ரண்டிலை புழு இருக்கும், மோனை, மருந்து அடிக்கேல்லை" என்று உள்ளதை உள்ளபடியே உரைத்தார். அவரிடமோ பேரம் பேசி விலையைக் குறைத்தோம்! பொதியில் அச்சிட்ட சொல்லை நம்பிய யாம், விளைவித்தவரின் வாய்ச்சொல்லை மதித்தோமில்லை. வீடு திரும்பிய பின்னரே வெட்கம் பிறந்தது.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை, கிருமிநாசினி ஆகியவற்றின் இறக்குமதியை அரசாங்கம் திடீரெனத் தடைசெய்தது. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோதிலும், அக்காலபோகத்தில் நாடெங்கும் நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. குளத்தில் நீர் இருந்தாற் போதுமா? பயிருக்கு உணவு வேண்டாவா? இரசாயனப் பசளை உடனே பயிரைச் சேரும். எருவும் குழையும் மண்ணில் மெல்ல உக்கியே பயன்தரும். மண் ஒரே நாளில் மாறுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளும் ஆண்டுப் பயிர்களுக்கு, விதைப்புக்கு முன் குறைந்தது 2 ஆண்டு மாற்றக் காலத்தை வேண்டுகின்றன. அக்காலத்தில் விளைச்சல் குறையலாம். இயற்கை விளைபொருள் என்ற பெயரும் கிடையாது. அந்நட்டத்தைக் கமக்காரர் மட்டுமே சுமப்பது நீதியாகுமா?

யாம் பயின்ற மிஷன் பாடசாலையில் அறுவடைத் திருநாளன்று முதற்பலனைக் கொணர்ந்து படைப்பர். எம் இல்லங்களிலோ புதிர் எடுப்பர். இரண்டிடத்தும் விளைவித்த கை யாருடையது என்பதை யாவரும் அறிவர். அவ்வறிமுகத்தையே நாம் இன்று இழந்து நிற்கின்றோம்.

அதனை மீட்க வழியுண்டு. பங்கேற்பு உறுதிமுறை என்று பல நாடுகளில் வழங்கும் ஏற்பாட்டிலே, கமக்காரரும் நுகர்வோரும் கூடித் தோட்டங்களைப் பார்வையிட்டுச் சான்று பகர்கின்றனர். நம் சங்கமும் இவ்வூரில் நான்கு கமக்காரரைத் தேர்ந்து, போகந்தோறும் அவர்தம் நிலத்தைச் சென்று கண்டு, விதைக்கும்போதே நியாய விலை பேசிக்கொள்ளலாகாதா? மாற்றக் காலத்திலும் அவ்விலையை மாற்றாது வாங்கலாகாதா? பெரியோர்கள் வழிகாட்டுவார்களாயின், அலைந்து திரியும் வேலையை இளைஞராகிய யாம் ஏற்போம்.

அடுத்த சந்தை நாளில் அந்த ஆச்சியிடம் மீண்டும் செல்வோம். இம்முறை அவர் சொல்லும் விலையே விலை.